ஊற்று, ஓடை, கிணறு: மணல் அகழ்வும் கல்லுடைப்பும் நீரிறைப்பும் பற்றித் திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை மாவட்டத்தில் தண்ணீர்ப் பிரச்சினை இடத்துக்கு இடம் மாறும். கிண்ணியா, மூதூர், வெருகல் பக்கம் பேச்செல்லாம் ஆற்றுமணல். உட்பகுதிக்குப் போனால் கருங்கல்லும் கிரவலும். உப்புவெளி முதல் நிலாவெளி, குச்சவெளி வரை கிணறு உவர்க்கிறது என்ற கவலை. அடியில் நடப்பது எல்லா இடத்திலும் ஒன்றுதான். அதை விளங்கிக்கொண்டால் உங்கள் ஊரில் எதை அளக்க வேண்டும், யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பது தெளிவாகும்.

ஊற்றுத் தண்ணீர், ஓடைத் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் மூன்றும் வேறு வேறா?

பெரும்பாலும் ஒரே தண்ணீர். மாரியில், அதாவது ஐப்பசி முதல் தை வரை, பெய்யும் மழையில் ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீராகத் தேங்குகிறது. அந்த நீரின் மேல்மட்டம் நிலமட்டத்தைத் தொடும் இடத்தில் ஊற்று. அது ஆற்றுப் படுகையைவிட உயரமாக இருந்தால் ஓடைக்குள் கசியும். நிலத்தைத் தோண்டி அதைச் சந்தித்தால் கிணறு. வைகாசி தொடங்கிக் கச்சான் காற்று வீசும் மாதங்களில் மழையே இல்லாமல் ஒரு ஓடை ஓடுகிறதென்றால், மேலே குளமோ வாய்க்காலோ அதற்குத் தண்ணீர் விடாதபோது, அது முழுவதும் இந்தக் கசிவுதான்.

எங்கள் கிணற்றில் இன்னும் தண்ணீர் இருக்கிறது. ஊற்று மட்டும் ஏன் நின்றுபோனது?

ஊற்று என்பது நிரம்பி வழியும் பானையின் விளிம்பு போன்றது. பானையில் முக்கால்வாசி தண்ணீர் இருந்தாலும் விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே போனால் வழிவது முற்றாக நின்றுவிடும். ஊற்றுக்குப் பின்னால் நீர்மட்டம் ஊற்றின் வாயைவிட 20 சென்ரிமீற்றர்தான் உயரமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அருகிலுள்ள இறைப்பு அதை 30 சென்ரிமீற்றர் இறக்கினால், 6 மீற்றர் ஆழக் கிணற்றில் அது கண்ணுக்கே படாது. ஊற்றோ செத்துவிடும்.

அதனால்தான் “கிணறெல்லாம் நல்லாத்தானே இருக்கு” என்ற பதிலை ஏற்கக் கூடாது. முதலில் நிற்பது ஊற்று, அடுத்தது கோடைக்கால ஓடை, கடைசியில்தான் கிணறு. கிணறு வற்றும்வரை காத்திருந்து முறையிடுகிறவர்கள் இரண்டு படி பிந்திவிடுகிறார்கள்.

ஒரு நீர்ப்பம்பி எவ்வளவுதான் இறைத்துவிடும்?

கணக்குப் போட்டே பார்க்கலாம். தோட்டங்களில் ஓடும் 2 அங்குலப் பெற்றோல் பம்பி, கிணற்று ஆழத்தையும் குழாய் நீளத்தையும் கழித்துப் பார்த்தால், நிமிடத்துக்கு 400 லீற்றர் தரும் என்று எடுங்கள். 6 மணித்தியாலம் ஓடினால் 1,44,000 லீற்றர், அதாவது 144 கன மீற்றர். மணல் நிலத்தில் 1 கன மீற்றர் மணலிலிருந்து வடிந்து வரும் தண்ணீர் ஏறத்தாழ 200 லீற்றர். ஆகவே அந்த ஒரு நாள் இறைப்பு 720 கன மீற்றர் மணலை வெறுமையாக்குகிறது. ஒரு ஏக்கர் பரப்பில் சமமாகப் பரப்பினால் 18 சென்ரிமீற்றர் இறக்கம்.

உண்மையில் இறக்கம் சமமாகப் பரவுவதில்லை. பம்பி இருக்கும் இடத்தில் ஆழமாகவும் தள்ளிப் போகப் போகக் குறைவாகவும், ஒரு புனல்போல இறங்கும். இரண்டு தோட்டங்களின் புனல்கள் ஒன்றையொன்று தொட்டால் தொடும் இடத்தில் இறக்கம் கூடிக்கொள்ளும். பத்துப் பேர் ஆளுக்குக் கொஞ்சமாக இறைத்தாலும் ஊற்றுக்குத் தெரிவது மொத்தம்தான்.

பாறை நிலத்தில் கதை இன்னும் கடுமை. வெடிப்புள்ள கருங்கல் தன் கனவளவில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு தண்ணீரையே தரும். அதே இறைப்புக்கு மட்டம் பத்து மடங்குக்கு மேல் இறங்கக்கூடும். அதுவும் வட்டமாக அல்ல, வெடிப்பு ஓடும் திசையில் நீளமாக. 100 மீற்றரில் உள்ள கிணறு தப்பி, 600 மீற்றரில் உள்ளது வற்றுவது இப்படித்தான்.

இறைப்பதை நிறுத்திவிட்டோம். பிறகும் ஓடை ஏன் குறைந்துகொண்டே போகிறது?

ஓடைக்குப் போக வேண்டிய தண்ணீர் நிலத்துக்குள் மெதுவாக நடக்கிறது. இறைத்ததன் பள்ளமும் அதே மெதுவான நடையில்தான் ஓடையை அடையும். 10 மீற்றர் தடிப்பான நல்ல மணற்படை, ஓடையிலிருந்து 200 மீற்றரில் பம்பி என்றால் பாதிப்பு ஓடையில் தெளிவாகத் தெரிய ஏறத்தாழ 40 நாள் எடுக்கும். 500 மீற்றர் தள்ளினால் 8 மாதம். ஆனியில் இறைத்ததை ஆடியில் நிறுத்தினாலும் ஆவணியில் ஓடை மெலியும். “நாங்கள் போன மாதமே நிறுத்திவிட்டோமே” என்று தோட்டக்காரர் சொல்வது உண்மையாக இருக்கும். ஓடை காய்ந்ததற்குக் காரணம் அந்த இறைப்பு என்பதும் உண்மையாக இருக்கும்.

மகாவலி கங்கையில் மணல் அள்ளினால் கரையில் உள்ள கிணறு ஏன் இறங்குகிறது?

கோடையில் ஆற்றங்கரைக் கிணற்றின் நீர்மட்டத்தைத் தாங்கி நிற்பது ஆற்றின் மட்டம். படுகையைத் தோண்டினால் ஆற்றுத் தண்ணீரும் அதோடு கீழே இறங்கி ஓடும். கரை நிலத்திலுள்ள தண்ணீர் அந்தப் பள்ளத்தை நோக்கி வடியும். படுகை 2 மீற்றர் இறங்கி, உங்கள் கிணற்றில் கோடையில் நின்றது 2.5 மீற்றர் தண்ணீர் என்றால், மிஞ்சப்போவது முழங்கால் அளவு. பம்பியின் உறிஞ்சு வால்வு அதில் காற்றைத்தான் இழுக்கும்.

இரண்டாவது, மணலே ஒரு தண்ணீர்த் தொட்டி. ஒரு கியூப், அதாவது 100 கன அடி மணல், 2.83 கன மீற்றர். ஆற்றுமணல் பரும்படியானது என்பதால் அதிலிருந்து வடியக்கூடிய தண்ணீர் சற்றுக் கூட, கிட்டத்தட்ட 700 லீற்றர். 3 கியூப் ஏற்றிய டிப்பர் ஒன்று போகும்போது 2,000 லீற்றருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும் இடம் ஊரைவிட்டுப் போகிறது. கோடையில் படுகை மணலில் பூவல் என்னும் சிறு குழி தோண்டிக் குடிநீர் எடுத்த இடங்களில் இன்று களிமண் தெரிவதன் பொருள், அந்தத் தொட்டி முழுவதும் ஏற்றப்பட்டுவிட்டது என்பதே.

மூன்றாவது நமக்கே உரிய ஆபத்து. மகாவலியும் அதன் கிளையான வெருகல் ஆறும் இந்த மாவட்டத்தில்தான் கடலைச் சேர்கின்றன. முகத்துவாரத்துக்கு அண்மையில் படுகை கடல்மட்டத்துக்குக் கீழே போனால், கோடையில் நன்னீர் ஓட்டம் மெலியும்போது கடல்நீர் படுகையின் அடியால் மேல்நோக்கி ஏறும். உப்புத் தண்ணீர் பாரமானது. மேலே அள்ளிப் பார்த்தால் நல்ல தண்ணீராக இருக்கும்போதே அடியில் உவர் நிற்கும். கரைக் கிணறுகளும் வயலும் கெடுவது அந்த அடித் தண்ணீரால்.

மணல் அள்ளிய இடத்தின் அறிகுறி கரையில் தெரியும். மருத மரத்தின் வேர்கள் மண்ணை விட்டு வெளியே தொங்கும். வேரின் மேற்பகுதி பழைய நிறத்தில் கறுத்தும் புதிதாக வெளிப்பட்ட பகுதி செம்மஞ்சளாகவும் இருக்கும். அந்த நிறம் மாறும் கோட்டுக்கும் இப்போதைய கரையடிக்கும் இடையில் நாடா பிடித்து அளந்தால், எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது கையோடு கிடைக்கும். பாலத் தூணில் பாசி படியாத வெளிறிய பட்டையும் இதே சாட்சியைச் சொல்லும்.

மாரி வெள்ளம் மணலைக் கொண்டுவந்து நிரப்பிவிடாதா?

முன்பு நிரப்பியது. இப்போது மேலே அணைகள் நிற்கின்றன: பொல்கொல்ல 1976, விக்டோரியா 1985, ரந்தெனிகல 1986, அம்பன் கங்கையில் மொரகஹகந்த 2017. மலைநாட்டு மணலில் பெரும்பகுதி அந்த நீர்த்தேக்கங்களின் அடியில் படிகிறது. கீழே வருவது அணைகளுக்குக் கீழுள்ள கிளையாறுகளின் மணலும் கரைகளை அரித்த மண்ணும் மட்டுமே. வெள்ளத்துக்குப் பிறகு குழி நிரம்பியதுபோலத் தெரியும். ஒரு இரும்புக் கம்பியைக் குத்திப் பாருங்கள். பெரும்பாலும் மேலே ஒரு சாண் மணல், அதற்குக் கீழே சேறு. சேறு தண்ணீரைப் பிடிக்கும், கிணற்றுக்கு விடாது.

அகழ்ந்த குழி அந்த இடத்திலேயே நிற்பதுமில்லை. ஆறு குழியின் மேல்விளிம்பை அரித்து அரித்து மேல்நோக்கி நகர்த்தும். கீழே ஒரு ஊரில் தோண்டியதற்கு இரண்டு கட்டை மேலேயுள்ள ஊரில் கரை இடிவது இதனால்தான்.

ஆற்றுக்கு வெளியே, வயலிலோ தரவையிலோ தோண்டினால் பரவாயில்லையா?

குழி நீர்மட்டத்துக்கு மேலேயே நின்றால் பாதிப்பு குறைவு. நீர்மட்டத்தைத் தொட்டுவிட்டால் அது மூடாத கிணறு. நமது கோடை வெயிலில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஒரு நாளில் 5 மில்லிமீற்றர் அளவு ஆவியாகும். ஒரு ஏக்கர் குழி என்றால் நாளுக்கு 20,000 லீற்றர். எந்த மோட்டரும் இல்லாமல், யாருக்கும் பயனில்லாமல் போகும் தண்ணீர் அது. கிரவல் குழிக்கும் செங்கல்லுக்குக் களி எடுத்த குழிக்கும் இதே கணக்கு. அனுமதி கொடுக்கும்போது “கோடை நீர்மட்டத்துக்கு 1 மீற்றர் மேலே நிறுத்த வேண்டும்” என்ற நிபந்தனையை ஊர் கேட்டு வாங்க வேண்டும். மாரி மட்டத்தை வைத்துப் பேசினால் அது வேறு கணக்கு. எந்த மாத மட்டம் என்று எழுத்தில் வரட்டும்.

கல்லுடைக்கும் இடம் எங்கள் ஓடையை எப்படிப் பாதிக்கும்?

குழி நீர்மட்டத்துக்குக் கீழே போன நாளிலிருந்து உள்ளே தண்ணீர் ஊறும். வேலை நடக்க அதை இறைத்து வெளியே விடுவார்கள். வெளியே ஓடும் தண்ணீரைப் பார்த்து “ஓடையில் தண்ணீர் கூடியிருக்கிறதே” என்று மகிழ வேண்டாம். அது நிலத்துக்குள் இருந்து ஆடி, ஆவணியில் மெல்லக் கசிய வேண்டிய தண்ணீர். முன்கூட்டியே செலவாகிறது.

அந்தத் தண்ணீரில் கல்மாவும் வரும். கல்மா ஓடைப் படுகையின் மணல் இடுக்குகளை அடைத்துவிட்டால் நிலத்தடி நீர் ஓடைக்குள் கசியும் வழியே மூடிக்கொள்ளும். வயல் வாய்க்காலிலும் சாம்பல் நிறப் படையாக இறுகும். எனவே இறைத்த நீர் நேராக ஓடைக்குப் போகாமல் இரண்டு தடுப்புகள் கொண்ட படிவுக்குழி வழியாகப் போக வேண்டும். படிந்ததை ஒழுங்காக வாரி எடுக்கவும் வேண்டும். நிரம்பிய படிவுக்குழி இல்லாத படிவுக்குழிக்குச் சமம்.

வெடி வைத்த பிறகு கிணறு கலங்குகிறது. இது வெடியால்தானா?

இருக்கலாம். அதிர்வு வெடிப்புகளுக்குள் இருந்த களியைக் கிளப்பும். சில வெடிப்புகள் அகலும், சில அடைபடும். கலங்கல் இரண்டு மூன்று நாளில் தெளிந்து மட்டமும் பழைய இடத்துக்கு வந்தால் பெரிய சேதமில்லை. மட்டம் இறங்கியபடியே நின்றால் தண்ணீர் வேறு வழி பிடித்துவிட்டது என்று கொள்ளலாம்.

நிரூபிக்க ஒரே வழி நேரக் குறிப்பு. வெடிக்கு முன் காலையில் மட்டம், வெடித்த மணி, ஒரு மணித்தியாலம் கழித்து மட்டம், மறுநாள் மட்டம். ஐந்தாறு வெடிகளுக்கு இப்படி எழுதினால் தொடர்பு இருக்கிறதா இல்லையா என்பது தானாகத் தெரியும். வெடிமருந்தின் மிச்சம் நைத்திரேற்றாகத் தண்ணீரில் சேரலாம் என்பதால், குடிக்கும் கிணறானால் அதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அந்தத் தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால் கரைக்கக் கூடாது.

கன்னியா வெந்நீரூற்றுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நேரடியான சம்பந்தம் உண்டு. இலங்கையில் இன்று எரிமலை இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகளால் மிக ஆழத்துக்கு இறங்கி, பூமியின் உட்சூட்டில் காய்ந்து, இன்னொரு வெடிப்பால் விரைவாக மேலேறுவதுதான் கன்னியாவின் சூடு. கீழே போகப் போக ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 25 பாகை சூடு கூடும். 40 பாகையை ஒட்டிய தண்ணீர் குறைந்தது அரைக் கிலோமீற்றர் ஆழத்தையாவது தொட்டு வந்திருக்க வேண்டும். வரும் வழியில் ஆறுவதையும் சேர்த்தால் இன்னும் ஆழம்.

ஏழு கிணறுகளும் சில அடி தூரத்துக்குள் இருந்தும் ஒவ்வொன்றின் சூடும் சற்று வேறு. மேலேறும் வெந்நீரோடு மேற்பரப்புக் குளிர்நீர் ஒவ்வொன்றிலும் வேறு அளவில் கலப்பதாலேயே இப்படி. இந்தக் கலவை மென்மையானது. அதே வெடிப்புத் தொடரில் பக்கத்தில் ஆழ்குழாய்க் கிணறு தோண்டி இறைத்தால் வெந்நீரின் அழுத்தம் குறையும், அந்த இடத்தைக் குளிர்நீர் நிரப்பும். தண்ணீர் வற்றாது, சூடுதான் குறையும். ஆகவே அங்கே மட்டத்தை மட்டும் பார்ப்பது போதாது. விடியற்காலையில், ஆட்கள் வாளியால் அள்ளத் தொடங்குமுன், ஏழிலும் வெப்பமானியை ஒரே ஆழத்தில் பிடித்து மாதம் ஒருமுறை எழுதி வைக்க வேண்டும். இராவணன் கதையோடும் பிதிர்க்கடனோடும் மக்கள் கைவிடாமல் வைத்திருக்கும் தீர்த்தம் இது. அதற்கு ஒரு கொப்பியும் ஒரு வெப்பமானியும் பெரிய செலவல்ல.

கடற்கரைக் கிணறு ஏன் உவர்க்கிறது?

நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்து மணலில் நன்னீர் கடல்நீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கலாம். இந்த ஒன்றுக்கு நாற்பது கணக்கு இறங்கும்போதும் செல்லும். மட்டம் 25 சென்ரிமீற்றர் இறங்கினால் உவர் காலப்போக்கில் 10 மீற்றர் மேலே வரும்.

கடல்நீரில் குளோரைட்டு லீற்றருக்கு 19,000 மில்லிகிராம் அளவு. 250 தாண்டினாலே நாக்கு உப்பை உணரத் தொடங்கும். நூறு வாளி நன்னீரில் இரண்டு வாளி கடல்நீர் கலந்தால் கிணறு குடிக்க உதவாது. கேத்திலில் படியும் வெள்ளைப் படையை வைத்துத் தீர்மானிக்காதீர்கள், அது பெரும்பாலும் சுண்ணாம்பு.

தவிர்க்கும் வழி, ஒரு ஆழமான கிணற்றில் வேகமாக இறைப்பதை விட்டு, ஆழமில்லாத மூன்று நான்கு கிணறுகளில் மாறி மாறி மெதுவாக இறைப்பது. சிறிய பம்பி, நீண்ட நேரம். விடுதிகளுக்கும் வெங்காயத் தோட்டங்களுக்கும் இதே விதி. மட்டம் இறங்கிவிட்டதென்று கிணற்றை இன்னும் ஆழமாக்குவது, கடற்கரையில், உவரை நீங்களே போய்ச் சந்திப்பது.

உவர்த்த கிணற்றை இறைத்து இறைத்துச் சுத்தமாக்கலாமா?

வெள்ளத்தாலோ அலையாலோ மேலிருந்து விழுந்த அழுக்கை ஒருமுறை இறைத்து அகற்றலாம். அதற்குமேல் வேண்டாம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு கிழக்குக் கரையில் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்துச் சுத்தம் செய்தபோது சில இடங்களில் அடியிலிருந்த உவர்தான் மேலே ஏறியது. உப்பைக் கழுவியது மாரி மழை. அதற்கும் ஒன்றுக்கு மேற்பட்ட மாரிகள் வேண்டியிருந்தன.

புல்மோட்டைக் கனிய மணல்?

இல்மனைற்று, ரூட்டைல், சேர்க்கோன் கலந்த கரைமணலை வடகீழ்ப் பருவக்காற்றுக் கால அலைகள் மீண்டும் கொண்டுவந்து சேர்ப்பதுண்டு. கரைக்குப் பின்னாலுள்ள மணல்மேட்டை அலை திருப்பித் தராது. மேடு தாழ்ந்தால் அதற்குள் நின்ற நன்னீர் மட்டமும் தாழும், பிறகு ஒன்றுக்கு நாற்பதுதான்.

நாங்களே அளப்பது எப்படி?

கிணறு: 10 மீற்றர் நாடாவின் நுனியில் ஒரு கனமான நட்டைக் கட்டி, கட்டின் மேல்விளிம்பில் பெயின்ற்றால் குறித்த ஒரே இடத்திலிருந்து இறக்குங்கள். நட்டு தண்ணீரைத் தொடும்போது ‘பொளுக்’ என்ற சத்தம் கேட்கும். தூக்கித் தூக்கி இரண்டு மூன்று முறை கேட்டு உறுதி செய்துவிட்டு வாசியுங்கள். காலை இறைப்புக்கு முன், இரு வாரத்துக்கு ஒருமுறை. மாலையில் ஒருநாள், காலையில் ஒருநாள் என்று மாற்றினால் அந்தப் பதிவு எதற்கும் உதவாது.

ஊற்று: குழாயோ மட்டையோ வைத்து நீரை ஒரு இடத்தால் விழச் செய்து, 10 லீற்றர் வாளி நிரம்பும் நேரத்தைப் பாருங்கள். 25 செக்கன் என்றால் நிமிடத்துக்கு 24 லீற்றர்.

சிறு ஓடை: ஒரு தகரத்தில் 90 பாகையில் முக்கோண வெட்டு வெட்டி ஓடைக்குக் குறுக்கே நிமிர்த்தி, ஓரமும் அடியும் களியால் அடைத்துவிடுங்கள். தகரத்திலிருந்து நீர் வரும் பக்கமாக ஒரு மீற்றர் தள்ளி, வெட்டின் அடிமுனையிலிருந்து நீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பாருங்கள். 10 சென்ரிமீற்றர் என்றால் செக்கனுக்கு 4.4 லீற்றர், 5 என்றால் 0.8 லீற்றர்கூட இல்லை. உயரம் பாதியானால் ஓட்டம் ஐந்தில் ஒன்றுக்கும் கீழே போகிறது. கண்மதிப்பு ஏமாற்றுவது இங்கேதான்.

பெரிய ஓடை: நேரான 10 மீற்றர் தூரத்தில் எலுமிச்சங்காய் ஒன்றை மிதக்க விடுங்கள். அது பாதி அமிழ்ந்து போகும், காற்று தள்ளாது. தேங்காய் மட்டை காற்றுக்கு ஓடிவிடும். 25 செக்கன் எடுத்தால் வேகம் செக்கனுக்கு 0.4 மீற்றர். அதை 0.8 ஆல் பெருக்கி, அகலம் 2 மீற்றர், சராசரி ஆழம் 15 சென்ரிமீற்றர் என்றால் அவற்றாலும் பெருக்க, செக்கனுக்கு ஏறத்தாழ 96 லீற்றர்.

இவற்றோடு மழைமானி வாசிப்பும் வேண்டும். அது இல்லாவிட்டால் “இந்த வருசம் மழை குறைவு” என்ற ஒரு சொல்லில் உங்கள் கொப்பியைத் தள்ளிவிடுவார்கள். அகழ்வு தொடங்குமுன் ஒரு மாரியும் ஒரு கோடையும் அளந்திருந்தால் மிக வலுவான ஆதாரம்.

யாரிடம் போவது? என்ன கேட்பது?

மணல், கல், கிரவல் எதை அகழவும் 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியப் பொருட்கள் சட்டத்தின் கீழ்ப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேண்டும். ஏற்றிச் செல்வதற்கும் தனி அனுமதி. நிலத்தடி நீர் பற்றி நீர்வளச் சபையிடமும், கழிவு நீர் பற்றி மத்திய சுற்றாடல் அதிகார சபையிடமும், வாய்க்கால், குளம் என்றால் நீர்ப்பாசனத் திணைக்களத்திடமோ கமநல சேவை நிலையத்திடமோ எழுதுங்கள். எல்லாக் கடிதத்துக்கும் பிரதி பிரதேச செயலாளருக்கு.

“மணல் அள்ளுகிறார்கள், நடவடிக்கை எடுக்கவும்” என்று மட்டும் எழுதினால் அது கோப்பில் படுத்துவிடும். அனுமதி இலக்கம், அனுமதித்த எல்லை, ஆழம், கியூப் அளவு, முடியும் திகதி ஆகியவற்றின் பிரதியை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேளுங்கள். கொடுப்பதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். பிரதி கிடைத்ததும் எல்லைக் கற்கள் அந்த இடத்தில்தான் இருக்கின்றனவா என்று போய்ப் பாருங்கள். ஆழத்தை, குழிக்குள் இறங்காமல், விளிம்பிலிருந்து கயிறு விட்டு அளவுங்கள். அகழ்ந்த மணற்கரை சொல்லாமல் சரியும், அதனால் விளிம்பில் தனியாக நிற்க வேண்டாம், இரண்டு பேராகப் போங்கள்.